3எல் டொல்பினுக்கு 1கேசெட் எஞ்சின்: ஈசியூ வயரிங்கை எங்கிருந்து தொடங்குவது?

புதுக்குடியிருப்பு வேன்

வணக்கம். வயரிங் தெரிந்த அண்ணைமார் யாராவது இதை முழுக்க வாசித்துவிட்டுப் பதில் போட்டால் பெரிய உதவி.

என்னுடையது 3எல் (3L) எஞ்சின் பூட்டிய டொல்பின் (ரொயோட்டா ஹையேஸ்) வேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மற்ற நேரத்தில் புதுக்குடியிருப்பில் இருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிளினிக் போகிற ஆட்கள். ஹெட் வெடித்துவிட்டது, புளொக்கும் தேய்ந்து ஒயில் குடிக்கிறது. அதற்கே திரும்பவும் காசைக் கொட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இதே உடம்புள்ள ஜப்பான் ஹையேஸில் இருந்து கழற்றிய 1கேசெட் (1KZ) எஞ்சின் கியர்பொக்ஸோடு கிடைத்தது. வாங்கிவிட்டேன். எஞ்சினை வைக்கிற வேலை எங்கள் ஊர் கராஜிலேயே முடிந்தது. மவுண்ட், புரொப்பெல்லர் ஷாப்ட், ரேடியேட்டர் எல்லாம் சரி.

இப்போது வயரிங்கில் வந்து நிற்கிறது. பழைய 3எல் பம்பில் எரிபொருளை அடைக்கிற ஒரு வயர்தான் இருந்தது. திறப்பைப் போட்டால் டீசல் திறக்கும், எடுத்தால் அடைக்கும். இதிலோ பம்பைச் சுற்றியே பல சொக்கற்றுகள். விற்றவர் ஹார்னஸை (வயர்க்கட்டை) டாஷ்போட் பக்கத்தால் வெட்டித்தான் தந்தார். எஞ்சின் பக்கம் முழுசாக இருக்கிறது, எஞ்சினை நடத்துகிற கணினிப் பெட்டியான ஈசியூவில் குத்துகிற சொக்கற்றுகளும் இருக்கின்றன. ஆனால் வாகனத்தின் பக்கம் போகவேண்டிய வயர்கள் நுனி அறுந்து ஒரு கட்டாகத் தொங்குகின்றன. ஈசியூ பெட்டியைத் தனியாக எடுத்துத் தந்தார். இந்த எஞ்சினுடையதுதான் என்று சொன்னார்.

எந்த வயரை எதோடு கொடுப்பது? நிறத்தைப் பார்த்துப் பிடிக்கலாமா? வேனில் இருக்கிற பழைய வயரிங்கை முழுக்க எடுத்து எறியவேண்டுமா? ஒரு வயர்மன் வந்து பார்த்துவிட்டு, "தடித்த வயர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி பற்றரிக்குக் கொடுத்துப் பார்ப்போம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை, நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத் தவணை தொடங்குவதற்கு முன் வேன் ஓடவேண்டும்.

ஒட்டுசுட்டான் ராக்டர்

தம்பி, கோபிக்காதையும். அந்த எஞ்சினை விற்றுவிட்டு ஈசியூ இல்லாத 5எல் எஞ்சின் ஒன்று எடுத்துப் போடும். வயரிங்கில் கை வைக்கவே தேவையில்லை, பழைய வயர் அப்படியே போகும். முத்தையன்கட்டுப் பக்கம் இரவில் நின்றுபோனால் ஈசியூ பார்க்க ஆரைக் கூப்பிடுவீர்? கையால் திருத்தக்கூடிய எஞ்சின்தான் எங்கள் இடத்துக்குச் சரி.

கிளிநொச்சி வயரிங்

அந்த வயர்மனை நிறுத்தியது நல்ல காரியம், தம்பி. ஈசியூவுக்குள் போகிற தடித்த வயர்களில் பொசிற்றிவும் இருக்கும், ஏர்த்தும் இருக்கும், பம்ப் வால்வை இழுக்கிற வயரும் இருக்கும். அவற்றை ஒன்றாக்கி 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி அந்த இடத்திலேயே போய்விடும்.

ராக்டர் அண்ணை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எஞ்சின் உள்ளே ஏறிவிட்டது. இந்த வயரிங் விளங்காத ஒன்றும் இல்லை. நூறு வயர் என்று பார்த்தால்தான் தலை சுற்றும். பெட்டிக்குச் சாப்பாடு கொடுக்கிற வயர்கள், ஏர்த் வயர்கள், பெட்டிக்குச் செய்தி கொண்டுவருகிற சென்சர் வயர்கள், பெட்டி வேலை வாங்குகிற வயர்கள் என்று பிரித்துவிட்டால் மிச்சம் பொறுமைதான். சென்சரும் வேலை வாங்குகிற வயர்களும் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்திலேயே முடிந்துவிடும், அது உம்மிடம் வெட்டாமல் இருக்கிறது. நீர் கட்டவேண்டியது முக்கியமாக முதல் இரண்டும்தான்.

வயரைத் தொட முதல் ஈசியூ பெட்டியின் ஸ்ரிக்கரைப் பாரும். ரொயோட்டா எஞ்சின் ஈசியூவில் 89661 என்று தொடங்கும் எண் இருக்கும். அதற்கு அடுத்த இரண்டு இலக்கம் எந்த வாகனத்துக்குச் செய்தது என்று சொல்லும். 26 என்றால் ஹையேஸ், 35 என்றால் ஹைலக்ஸ், சர்ஃப், 60 என்றால் லாண்ட் குரூசர், பிராடோ. எல்லாவற்றிலும் 1கேசெட் வந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வயரிங் இல்லை. முழு எண்ணையும் இங்கே போடும். அந்த எண்ணுக்கு உரிய பின் (சொக்கற்றுக்குள் இருக்கிற ஊசி) வரைபடத்தைத் தேடி எடுத்து, ஒரு பெரிய தாளில் அச்சடித்து வாகனத்தில் ஒட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கவேண்டும். வரைபடம் சொக்கற்றின் எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்து வரைந்தது என்பதையும் கவனியும். வாய்ப்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் போகிற எண்கள் வயர்ப்பக்கத்தில் வலமிருந்து இடமாகப் போகும். இதைப் பார்க்காமல் கட்டிய வயரிங்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டுகிறேன்.

நிறத்தைப் பற்றிக் கேட்டீர். ரொயோட்டாவில் முதல் எழுத்து வயரின் நிறம், அடுத்தது அதில் ஓடுகிற கோடு. வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது பெரும்பாலும் உடம்பு ஏர்த். மண்ணிறம் பெரும்பாலும் ஈசியூவின் அல்லது சென்சரின் ஏர்த். இவ்வளவுக்குத்தான் நிறத்தை நம்பலாம். மற்றதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு, வாகனத்துக்கு வாகனம் மாறும். ஈசியூ சொக்கற்றின் பின்னில் ஒரு முனையும், வயரின் மறுநுனியில் மற்ற முனையுமாக மல்ரிமீற்றரை வைத்து, ஒவ்வொன்றாக அளந்து, ஒவ்வொரு வயரிலும் வெள்ளைப் பிளாஸ்ரர் சுற்றிப் பெயர் எழுதும். ஒரு நாள் போகும், போகட்டும்.

இனிச் சாப்பாடு. பெட்டிக்கு மூன்று விதமாகக் கரண்ட் தேவை. திறப்பை எடுத்த பிறகும் நினைவைக் காக்க எப்போதும் இருக்கிற பற்றரிக் கரண்ட் ஒன்று. திறப்பைப் போட்டதும் "நான் விழித்துவிட்டேன்" என்று சொல்கிற சின்னச் சிக்னல் ஒன்று. மெயின் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச்) வழியாக வருகிற வேலைக் கரண்ட் ஒன்று. அந்த ரிலேக்குப் பற்றரியில் இருந்து நேராக, 15 அம்பியர் பியூஸ் போட்டு எடும். பழைய வேன் வயரிங்கின் நடுவில் கொக்கி போட்டு எடுக்கவேண்டாம்.

திறப்புச் சிக்னலுக்கு உம்முடைய வேனிலேயே அருமையான வயர் ஒன்று இருக்கிறது. 3எல் பம்பின் அடைப்பு வால்வுக்குப் போன அதே வயர். அது திறப்பு "ஒன்" நிலையிலும் ஸ்ராட்டர் சுற்றும் நேரத்திலும் 12 வோல்ட் தரும். ரேடியோவுக்குப் போகிற வயரை எடுத்தீர் என்றால் ஸ்ராட்டர் சுற்றும்போது அதில் கரண்ட் அறுந்துவிடும். எஞ்சின் சுற்றும், பிடிக்காது. திறப்பை விட்ட கணத்தில் ஒரு முறை உதறிவிட்டு நிற்கும். வாகனம் அப்படிச் செய்தால் பம்பைக் கழற்ற முதல் இந்த வயரைப் பாரும்.

சில ஈசியூ மெயின் ரிலேயைத் தானே இழுத்துப் பிடிக்கும். அப்படியானதில் பெட்டியைப் பூட்டாமல் அளந்தால் வேலைக் கரண்ட் வராது. அது பிழை இல்லை. உம்முடையது எந்த வகை என்று வரைபடம் சொல்லும்.

ஏர்த்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். வன்னியில் எனக்கு வருகிற ஈசியூ பிரச்சினைகளில் பெரும்பங்கு ஏர்த்தில்தான் முடிகிறது. கிரவல் ரோட்டுத் தூசியும் மாரிமழை ஈரமும் சேர்ந்து ஏர்த் வயரின் நுனியில் இருக்கிற ரிங்குக்கு அடியில் புகுந்துவிடும். ஈசியூவின் ஏர்த் வயர்கள் எஞ்சின் உடம்பில் போல்ற் அடிக்கிற இடத்தைப் பெயின்ற் போகச் சுரண்டி, வெறும் உலோகம் தெரிய வைத்து இறுக்கும். எஞ்சினில் இருந்து பற்றரி நெகற்றிவுக்குத் தடித்த கேபிள், எஞ்சினில் இருந்து வேன் உடம்புக்கு இன்னொன்று. சென்சர் ஏர்த்தை மட்டும் ஒருபோதும் வேன் உடம்பில் கொடுக்கவேண்டாம். அது ஈசியூவுக்குள்ளேயே போய் முடியவேண்டும். வெளியில் கொடுத்தால் ஸ்ராட்டரும் ஒல்ரனேற்றரும் எழுப்புகிற சத்தம் எல்லாம் சென்சர் கணக்கில் கலந்துவிடும்.

பெட்டியைக் குத்த முதல் ஒரு சோதனை. 12 வோல்ட் 21 வாற் சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பிடித்துக்கொள்ளும். பற்றரி பொசிற்றிவில் ஒரு முனை, ஈசியூ சொக்கற்றின் ஏர்த் பின்னில் மற்ற முனை. பல்ப் முழு வெளிச்சத்தில் எரியவேண்டும். மல்ரிமீற்றர் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் நல்லது என்று காட்டும், பல்ப் அந்த இழையை நம்பாது. வேலைக் கரண்ட் பின்னையும் இதே மாதிரி நெகற்றிவுக்குப் பிடித்துப் பாரும். இந்தப் பல்பைச் சென்சர் வயர்களில் மட்டும் வைக்கவேண்டாம். அங்கே ஓடுவது 5 வோல்ட், மெல்லிய கரண்ட்.

பம்பில் இருந்து வருகிற வேக சென்சருக்கும் கிராங் பக்கத்து சென்சருக்கும் வெள்ளி உறை போட்ட வயர் இருக்கும். அந்த உறையை ஒரு பக்கத்தில் மட்டும் ஏர்த் செய்யவேண்டும். உள்ளே இருக்கிற இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சிக்னல் தலைகீழாகும், எஞ்சின் நேரத்தைப் பிழையாகக் கணக்குப் பார்க்கும். அதை நீட்டவேண்டி வந்தால் அதே மாதிரி உறை போட்ட வயரால்தான் நீட்டவேண்டும், ஒல்ரனேற்றருக்குப் பக்கத்தால் கொண்டுபோகக்கூடாது.

பழைய வயரிங்கை எறியவேண்டாம். லைட், வைப்பர், ஹோன் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். வெப்பமானியின் ஒற்றை வயர் சென்சரும் ஒயில் லைட் சுவிட்சும் பழைய டாஷ்போட்டுக்கே போகும். ஈசியூவின் வெப்ப சென்சர் வேறு, அதற்கு இரண்டு வயர். குளிரில் ஸ்ராட் எடுக்கச் சூடாக்குகிற குளோ பிளக் விஷயத்தில் மட்டும் 3எல்லின் பழைய ரைமரை இதற்குக் கொடுக்கவேண்டாம். பிளக்கில் எழுதியிருக்கிற வோல்ட்டைப் பார்த்து, புது ஹார்னஸின் ரிலேயோடு கட்டும்.

மாங்குளம் டீசல் பம்ப்

வயரிங்காரர் சொன்னது முழுக்கச் சரி. பம்ப் பக்கத்தில் இருந்து ஒன்று சேர்க்கிறேன்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய ஊர் இது. பெற்றோல் துளி விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். பம்பின் தலையைக் கழற்றாமல் சத்தத்தை வைத்தே பிழை சொல்கிறவர்கள் இருந்தார்கள். அந்த அனுபவம் 3எல்லுக்கு உதவும். 1கேசெட் பம்பில் ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. இதில் டீசலின் அளவை முடிவு செய்வது மேலே இருக்கிற ஸ்பில் வால்வு. ஈசியூ கரண்ட் கொடுத்தால் அது மூடும், உள்ளே அழுத்தம் ஏறி டீசல் அடிக்கும். கரண்டை நிறுத்தினால் திறந்து, அழுத்தம் வெளியேறி, அடிப்பது முடியும். ஒவ்வொரு அடிக்கும் இப்படி நடக்கிறது. ஆகவே அந்த வால்வுக்கு நேராகப் பற்றரி கொடுத்து எஞ்சினை ஓடவைக்கலாம் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடும். ஹார்னஸில் அந்த வால்வுக்கென்று தனி ரிலே இருந்தால் அதையும் வெட்டவேண்டாம்.

பம்போடு ஒட்டி, சொக்கற்றுக்குள் சின்ன றெசிஸ்ரர்கள் இருக்கும். ஒவ்வொரு பம்பையும் தொழிற்சாலையில் அளந்து, அதன் கூடக்குறையை ஈசியூவுக்குச் சொல்ல வைத்தவை அவை. அந்தப் பம்போடேயே இருக்கவேண்டும். வேறு பம்பில் இருந்து எடுத்துப் போட்டால் புகையும் இழுவைக் குறையும் வரும், பிறகு இன்ஜெக்ரரைக் குறை சொல்லிக்கொண்டு திரிவீர்கள்.

புதுக்குடியிருப்பு வேன்

எல்லோருக்கும் நன்றி. ஸ்ரிக்கரைத் துடைத்துப் பார்த்தேன். 89661, அடுத்தது 60. விற்றவரிடம் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான், குத்திப் பாரும்" என்கிறார். சொக்கற்றும் இறுக்கமாகப் பொருந்துகிறது.

கிளிநொச்சி வயரிங்

குத்தவேண்டாம். 60 என்றால் அது பிராடோ பக்கத்துப் பெட்டி. சொக்கற் பொருந்துவதால் பின்னும் பொருந்தும் என்றில்லை. ஒரே உறைக்குள் வேறு இடத்தில் 12 வோல்ட் வரும், வேறு இடத்தில் ஏர்த் வரும். பிந்திய பிராடோப் பெட்டி என்றால் திறப்பு அடையாளம் கேட்கிற இம்மொபிலைசரும் இருக்கக்கூடும். அந்தத் திறப்பும், திறப்புத் துவாரத்தைச் சுற்றியிருக்கிற வளையமும் இல்லாமல் அது டீசல் விடாது. ஒட்டோ கியர்பொக்ஸுக்கு உரியதாக இருந்தால், இல்லாத கியர் வால்வுகளைத் தேடிப் பிழை காட்டிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் ரசீதோடு போய் நேராகக் கேளும். 26 போட்ட, மனுவல் கியருக்குரிய பெட்டி வேண்டும். வவுனியாவில் பழைய பாகம் விற்கிற இடங்களிலும் தேடலாம். பெட்டியை மாற்றுவது, ஹார்னஸ் முழுவதையும் பின் பின்னாக மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

புதுக்குடியிருப்பு வேன்

26 பெட்டி கிடைத்தது. அவரே மாற்றித் தந்தார். வரைபடத்தோடு ஒவ்வொரு பின்னும் சரிபார்த்தோம், பல்ப் சோதனையும் செய்தோம். ஏர்த் ஒன்றில் பல்ப் மங்கலாக எரிந்தது. ரிங்கைக் கழற்றினால் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. வெட்டிவிட்டுப் புது ரிங் அடித்தோம்.

எஞ்சின் ஸ்ராட் எடுத்துவிட்டது! சத்தம் அருமை. ஆனால் காலையில் முதல் ஸ்ராட்டில் கஷ்டப்படுகிறது, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை. டொல்பின் டாஷ்போட்டில் செக் லைட் இல்லை, பிழை எண்ணை எப்படிப் பார்ப்பது?

கிளிநொச்சி வயரிங்

நல்ல செய்தி. செக் லைட்டுக்குச் சின்ன டாஷ்போட் பல்ப் ஒன்று எடும். ஒரு முனை திறப்புக் கரண்டுக்கு, மற்றது ஈசியூவின் செக் லைட் பின்னுக்கு. பிறகு சோதனைச் சொக்கற்றில் ரீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் திறப்பை "ஒன்" செய்யும். பல்ப் சிமிட்டும். நாலு முறை சிமிட்டி, கொஞ்சம் நிறுத்தி, இரண்டு முறை சிமிட்டினால் 42. எங்கும் நிற்காமல் சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் பிழை இல்லை.

புதுக்குடியிருப்பு வேன்

22, பிறகு 42. இரண்டும் மாறி மாறி வருகிறது.

கிளிநொச்சி வயரிங்

22 வெப்ப சென்சர். எஞ்சின் குளிரில் இருக்கிறதா சூட்டில் இருக்கிறதா என்று பெட்டிக்குத் தெரியவில்லை. அதனால்தான் காலைக் கஷ்டமும் புகையும். சென்சர் ஏர்த் முழுக்க அறுந்திருந்தால் மற்ற சென்சர்களின் எண்ணும் வரிசையாக வந்திருக்கும். ஆகவே பிழை இந்த ஒரு வயரிலோ சென்சரிலோதான். சொக்கற்றைக் கழற்றி சென்சரின் இரண்டு பின்னுக்கும் நடுவே அளந்து பாரும். 20 பாகை குளிரில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம் காட்டும், எங்கள் காலை வெயிலில் அதைவிடக் குறையும். எஞ்சின் 80 பாகைக்குச் சூடேறினால் 300 ஓம் அளவுக்கு இறங்கவேண்டும். சென்சர் நல்லது என்றால் வயரைப் பின்தொடரும்.

42 வேக சிக்னல். உம்முடைய வேனில் மீற்றர் கேபிளால் சுற்றுகிறது. சில மீற்றர்களுக்குப் பின்னால் காந்தத்தால் திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். இருந்தால் அதில் இருந்து ஈசியூவின் வேகப் பின்னுக்கு வயர் கொடும். இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும், அவசரப்படவேண்டாம்.

புதுக்குடியிருப்பு வேன்

சென்சர் நல்லது. தெர்மோஸ்டாற் உறைக்குப் பக்கத்தில் ரேப்பைப் பிரித்தால் வயரின் தோல் நன்றாக இருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் விரலுக்கு மெத்தென்று இருந்தது. மெதுவாக இழுத்தேன், தோல் நீண்டுகொண்டே வந்தது. உள்ளே செம்பு இரண்டாக விட்டிருந்தது. புதுத் துண்டு போட்டு ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடிவிட்டேன். 22 போய்விட்டது. இன்று காலை அரைச் சுற்றில் பிடித்தது, புகையும் இல்லை.

பரந்தன் சந்தி

வேலை முடிந்ததில் சந்தோஷம். ஒன்றை மறந்துவிடவேண்டாம். எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறிவிட்டன. 3எல் 2779 சிசி, 1கேசெட் 2982 சிசி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ளும், காப்புறுதிக்காரருக்கும் அறிவியும். எஞ்சின் வாங்கிய ரசீது கட்டாயம் கேட்பார்கள். பிள்ளைகள் ஏறுகிற வேன், கடுதாசி சரியாக இருக்கவேண்டும்.

கிளிநொச்சி வயரிங்

ஈயம் வைத்த இடத்தை அப்படியே தொங்கவிடவேண்டாம். ஈயத்துக்குப் பக்கத்தில் வயர் விறைக்கும், அதிர்வில் அந்த விளிம்பில்தான் திரும்ப அறும். இரண்டு பக்கமும் கிளிப் போட்டு எஞ்சினோடு கட்டிவிடும். ஈசியூ இப்போது சீற்றுக்கு அடியில் எஞ்சின் சூட்டில் இருக்கிறது என்றால் மாரி தொடங்க முதல் டாஷ்போட்டின் உள்ளே, இடது பக்கம் உயரத்துக்கு ஏற்றி, சொக்கற் வாய் கீழே பார்க்கப் பூட்டும். வயரையும் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு விட்டுக் கொண்டுவாரும். தண்ணீர் வயர் வழியாக ஓடிவந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும்.